இஞ்சின் ரூமில் காயப்போட்ட ட்ரோன்

ஜெகதாப்பட்டினம்
17-6-2025, செவ்வாய்

அன்புத் தம்பி ஜெபக்குமாருக்கு,

அக்கா ஷர்லி எழுதுகிறேன். இந்தக் காலத்தில் போய் கடிதம் எழுதுகிறாளே, அக்காவுக்குப் புத்தி கித்தி பிசகிவிட்டதா என்று நினைக்காதே. காரணம் இருக்கிறது. இதைப் படித்து முடிக்கும்வரை போனைக் கையில் எடுக்காதே. படித்த பிறகும் எனக்குப் போன் பண்ணாதே.

ஞாயிற்றுக்கிழமை பங்குச் சாமியார் வந்து படகுகளை மந்திரித்தார் அல்லவா? மீன்பிடித் தடைக்காலம் முடிந்து முதல் தடவை கடலுக்குப் போகிற படகு, தீர்த்தம் தெளித்து, குடும்பத்தோடு ஒரு சுற்று சுற்றிவருவது வருஷா வருஷம் நடப்பதுதான். இந்த வருஷம் நீ உன் ட்ரோனைத் தூக்கிக்கொண்டு வந்தாய். ஓடுகிற படகின் மேல்தட்டில் நின்று அதைப் பறக்கவிட்டாய். நாங்களும் பல்லை இளித்துக்கொண்டு கை காட்டினோம். போனது போனதுதான், திரும்பி வரவில்லை. நீ மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு சாயங்காலம் அன்னவாசலுக்கு பஸ் ஏறினாய். அதுவரைக்கும் அது உன் ஒருத்தனுடைய கவலையாக இருந்தது.

நேற்று இரண்டு பேர் வந்தார்கள். மஃப்டியில். ஐஸ் கம்பெனி வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு, கடலுக்கு மேலே ஏதோ பறந்ததாமே, யார் விட்டது, எந்தப் பக்கம் போனது என்று ஒவ்வொருத்தராகக் கேட்டார்கள். ஐஸ் உடைக்கிற சின்னப்பிள்ளை அண்ணன் அன்றைக்கு வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். அவருடைய போனை வாங்கி, பேத்தி சடங்கு போட்டோ வரைக்கும் தள்ளித் தள்ளிப் பார்த்தார்கள். அவர் யார் யாருக்குப் பேசினார் என்பதையும் எழுதிக்கொண்டார்கள். அவர்கள் போலீஸா, கடற்படையா, வேறு ஏதாவதா, யாருக்கும் தெரியவில்லை. கேட்கிற தைரியமும் யாருக்கும் வரவில்லை. சின்னப்பிள்ளை அண்ணன் உன் பேரைச் சொல்லவில்லை. இன்றைக்கு வரைக்கும் சொல்லவில்லை.

உன் மச்சான் சங்கதி உனக்குத் தெரியும். போன தடவை எல்லை தாண்டியதாக அந்தப் பக்கத்து நேவி பிடித்துக்கொண்டு போனபோது, இன்னொரு தடவை வந்தால் நேராக ஜெயில்தான் என்று சொல்லித்தான் விட்டார்கள். அன்றிலிருந்து அவர் கடலுக்குப் போகிற ஒவ்வொரு நாளும் நான் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருக்கிறேன். இப்போது இந்தப் பக்கத்திலும் ஒரு கேஸ் என்றால் நான் எந்த வாசலில் போய் நிற்பேன்?

அதனால் போனில் சிம்மைக் கழற்றிவிட்டேன். நம் ரெங்கராஜ் அண்ணன் வாரத்தில் இரண்டு மூன்று நாள் மீன் வண்டியை அன்னவாசலுக்குத்தானே கொண்டுவருகிறார். அவரிடம் கொடுத்துவிடுகிறேன். அவர் எதையும் கேட்கிற ஆள் இல்லை. நீயும் அவரிடமே பதில் கொடு. எனக்குத் தெரியவேண்டியது இரண்டுதான். அது நிஜமாகவே கடலில் போய்விட்டதா? அதில் உன் பேர், விலாசம் ஏதாவது இருக்கிறதா?

அக்கா
ஷர்லி

அன்னவாசல்
17-6-2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தில் அயிலை மீன் வாடை அடிக்கிறது. முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது, மஃப்டிக்காரர்கள் வந்த வரியில் அது நின்றுவிட்டது. ரெங்கராஜ் அண்ணன் வியாபாரம் முடித்துக் கிளம்புவதற்குள் எழுதிக் கொடுக்கவேண்டும் என்பதால் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். யார் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாலும் பேப்பரைத் திருப்பிக்கொள்கிறேன்.

என்ன நடந்தது என்று உனக்குப் புரியும்படி சொல்கிறேன். அந்தச் சாமான் கிளம்பும்போது, தான் எந்த இடத்திலிருந்து எழும்பியது என்பதை மனசில் வைத்துக்கொள்ளும். சிக்னல் விட்டுப்போனால் தானாகவே அந்த இடத்துக்குத் திரும்பி வந்து இறங்கிவிடும். தரையிலிருந்து விட்டால் அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. நான் ஓடுகிற படகிலிருந்து விட்டேன். சிக்னல் போனதும் அது ஒழுங்காகத் தன் இடத்துக்கு வந்துவிட்டது. படகுதான் அங்கே இல்லை. நமக்குப் பின்னால் வந்த படகு அதற்குள் அந்த இடத்துக்கு வந்திருந்தது. அதன் கம்பத்தில் மோதி, தண்ணீரில் விழுந்தது. பாலிடெக்னிக் லேப்பில் பிள்ளைகளுக்கு எலக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுக்கிறவன் இதை யோசிக்கவில்லை. இதை நான் யாரிடமும் சொல்ல முடியாது.

நீ கேட்ட இரண்டாவது கேள்விக்குப் பதில் எழுதவே பயமாக இருக்கிறது. பேட்டரி வைக்கிற பள்ளத்துக்குள்ளே என் பேரையும் போன் நம்பரையும் எழுதி ஒட்டியிருக்கிறேன். எங்காவது விழுந்தால் எடுத்தவர்கள் கூப்பிட்டுக் கொடுப்பார்கள் என்று அப்போது நினைத்தேன்.

கடலோரத்தில் ட்ரோன் விட அனுமதி வாங்கவேண்டும், நான் வாங்கவில்லை. அந்தப் பயத்தில் ஊர் வந்த ராத்திரியே ரிமோட்டை அரிசி டிரம்முக்குள் புதைத்துவிட்டேன். நேற்று பிரின்சிபால் கூப்பிட்டு அனுப்பினார். போவதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. அவர் புரொஜெக்டர் ஓடவில்லை என்று சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறார். இந்த வேலை போனால் எனக்கு வேறு வேலை இல்லை என்பது உனக்கே தெரியும். வீட்டு வாசலில் பைக் நின்றால் நான் பின்வாசலைப் பார்க்கிறேன்.

கடல் அதை முழுங்கிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். நீயும் அப்படியே ஜெபம் பண்ணு. மச்சானிடம் என் மேல் கோபமா என்று கேட்டு எழுது.

தம்பி
ஜெபா

ஜெகதாப்பட்டினம்
19-6-2025, வியாழன்

தம்பிக்கு,

கடல் முழுங்கவில்லை. கக்கிவிட்டது.

உன் கடிதம் கைக்கு வந்த அன்று சாயங்காலமே பெரியண்ணன் என்று ஒருத்தர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் கரையோரத்தில் நண்டு வலை போடுகிறவர். திங்கட்கிழமை வலை எடுக்கப் போனபோது அதில் மாட்டிக் கிடந்திருக்கிறது. மஃப்டிக்காரர்கள் நடமாட்டத்தைப் பார்த்துவிட்டு, நண்டுச் சாக்குக்குள் வைத்தபடியே ஒரு நாள் முழுக்கப் பயந்துகொண்டு இருந்திருக்கிறார். சாக்கை அடுப்படி வரை கொண்டுவந்து இறக்கிவைத்துவிட்டு, உன் மச்சானிடம் "அருளு, இது ஒங்க வீட்டுச் சாமான். நான் பாக்கல, நீ வாங்கல" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

ஒரு கை முறிந்து தொங்குகிறது. விசிறியெல்லாம் வலைக் கயிறு சுற்றிக்கொண்டிருக்கிறது. கேமரா கண்ணில் சேறு. முதல் காரியமாக நீ ஒட்டியிருந்த பேரைச் சுரண்டி எடுத்து அடுப்பில் போட்டேன். மொத்தத்தையும் அடுப்பில் வைத்துவிடலாம் என்றேன். உன் மச்சான் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவரும் உன்னை மச்சான் என்றுதானே கூப்பிடுவார். மச்சான் ஆசைப்பட்டு வாங்கியது, எரிப்பதற்கு மனசு வருமா என்று கேட்டார். உன் மேல் கோபமா என்று கேட்டிருந்தாயே, இதிலேயே பதில் இருக்கிறது.

அவர் செய்த வைத்தியத்தைச் சொல்கிறேன். இங்கே கடலில் நனைந்த டார்ச், போன், எதுவானாலும் ஒரே வைத்தியம்தான். நல்ல தண்ணீரில் அலசி, சாக்கில் கட்டி, இஞ்சினுக்கு மேலே தொங்கவிட்டுவிடுவார்கள். ஒரு தடவை போய் வருவதற்குள் அந்தச் சூட்டில் காய்ந்துவிடும். அருள்தாஸ் படகில் காயவைத்த போன் பிழைக்கும் என்று ஊரில் அவருக்குப் பேரே இருக்கிறது. அதே மாதிரி உன் ட்ரோனையும் அலசி, இஞ்சின் ரூமில் தொங்கவிட்டிருக்கிறார். வீட்டில் சோதனை போட்டாலும் போடுவார்கள், படகில் யார் தேடப்போகிறார்கள் என்பது அவர் கணக்கு.

நேற்று கடலுக்குப் போய் இன்றைக்கு வந்தாயிற்று. நன்றாகக் காய்ந்துவிட்டதாம். அடிவயிறு மட்டும் கொஞ்சம் உப்பியிருக்கிறதாம். தண்ணீர் குடித்திருக்கும், சனிக்கிழமை ஓட்டத்தில் அமுங்கிவிடும், அப்புறம் சார்ஜ் போட்டுப் பார்க்கலாம் என்கிறார். குழந்தைக்கு வைத்தியம் பார்ப்பதுபோல் பேசுகிறார்.

எனக்கு இங்கே உயிர் போகிறது. இவர் படகில் அந்தப் பக்கத்து நேவி ஏறி, இஞ்சினுக்கு மேலே தொங்குகிற சாக்கைப் பிரித்துப் பார்த்தால் என்ன நினைப்பான்? மீன் பிடிக்க வந்தவன் என்றா நினைப்பான்? உளவு பார்க்க வந்தான் என்று எழுதினால் இவர் திரும்பி வருவாரா? நான் சொன்னால் கேட்கமாட்டேன் என்கிறார். நீ சொன்னால் கேட்பார். அதைத் தூக்கி எறியச் சொல்லி, எனக்கு அது வேண்டவே வேண்டாம் என்று உன் கையால் எழுதிக் கொடு. சனிக்கிழமை கிளம்புவதற்குள் வேண்டும்.

ஷர்லி

அன்னவாசல்
21-6-2025, சனி, காலை

அக்கா,

வியாழக்கிழமை மீனெல்லாம் புதுக்கோட்டையிலேயே விற்றுத் தீர்ந்துவிட்டதால் ரெங்கராஜ் அண்ணன் இங்கே வரவில்லை. உன் கடிதத்தை இப்போதுதான் கொடுத்தார். மச்சான் இந்நேரம் கடலுக்குப் போயிருப்பார். கடவுளே, போகாமல் இருந்திருக்கவேண்டும்.

நேவியை மறந்துவிடு. போலீஸை மறந்துவிடு. நான் எழுதுவதை மட்டும் படி.

அடிவயிறு உப்பியிருப்பது தண்ணீர் குடித்ததால் இல்லை. அது பேட்டரி. விழுந்தபோது அதில் சார்ஜ் நிறைய இருந்தது, கிளம்பிக் கொஞ்ச நேரத்திலேயே விழுந்துவிட்டதே. அடிபட்டு, உப்புத் தண்ணீர் உள்ளே போய், அது உள்ளுக்குள்ளேயே கெட்டுக்கொண்டிருக்கிறது. உப்புவது அதற்கு அடையாளம். அதைச் சூட்டில் வைக்கவே கூடாது. வைத்தால் திடீரென்று புகைந்து தீப்பிடிக்கும். சாதாரணத் தீ மாதிரி தண்ணீர் ஊற்றினால் அணையாது. அந்தப் புகையை ஒரு இழுப்பு இழுத்தாலும் ஆள் சுருண்டுவிடுவான். கீழே டீசல் இருக்கிறது, அக்கா.

போன கடிதத்தில் பேட்டரியைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கலாம். கடலோடு போனதற்கு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

கரையில் இருந்தால் மண் நிறைந்த வாளியில், வெட்டவெளியில், எதுவும் பக்கத்தில் இல்லாமல் வைக்கவேண்டும். அமுக்கக் கூடாது, குத்தக் கூடாது, சார்ஜ் போடவே கூடாது. கடலில் என்றால் ஒன்றே ஒன்றுதான். சாக்கோடு தூக்கிக் கடலில் எறியவேண்டும். கையில் வைத்துப் பிரித்துப் பார்க்கக் கூடாது.

உன் போனுக்கு அடித்தேன், செத்துக் கிடக்கிறது. பக்கத்து வீட்டுச் சொர்ணவல்லி அக்காவுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. மீனவர் சங்கத்து வயர்லெஸ்ஸில் மட்டும்தான் படகோடு பேச முடியும் என்று மச்சான் சொல்லியிருக்கிறார். சங்கத்து நம்பர் என்னிடமும் இல்லை, ரெங்கராஜ் அண்ணனிடமும் இல்லை. ரெங்கராஜ் அண்ணன் எங்கும் நிற்காமல் நேராக வருகிறார். பஸ்ஸைவிட அவர் முந்திவிடுவார். இதைப் படித்ததும் சங்கத்துக்கு ஓடு.

இன்றைக்கு லேப் பரீட்சை, சாவி என்னிடம் இருக்கிறது. அதைக் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் நானும் வாரேன். நீ தனியாக இருக்கமாட்டாய்.

ஜெபா

ஜெகதாப்பட்டினம்
23-6-2025, திங்கள்

ஜெபக்குமாருக்கு,

நீ வரவில்லை.

சனிக்கிழமை ரெங்கராஜ் அண்ணன் வண்டி வந்து நின்றபோது நான் இறால் ஷெட்டில் இருந்தேன். தலை உரித்த கையோடு உன் கடிதத்தைப் படித்தேன். பாதிக்கு மேல் எழுத்து கண்ணில் ஏறவில்லை. டீசல் என்ற வார்த்தை மட்டும் தெரிந்தது. செருப்பை அங்கேயே விட்டுவிட்டுச் சங்கத்துக்கு ஓடினேன்.

வயர்லெஸ்ஸுக்கு ஆத்மநாதன் அண்ணன்தான் இருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பிறகு நிதானமாகச் சொன்னார். இதில் பேசுவது படகில் இருக்கிற எல்லாருக்கும் கேட்கும், கரையில் வைத்துக் கேட்கிறவர்களுக்கும் கேட்கும், அந்தப் பக்கத்து நேவிக்கும் கேட்கும். அதனால் பேரைச் சொல்லாமல் சுற்றி வளைத்துச் சொல் என்றார். இத்தனை நாளாகப் போனில்கூடப் பேசாமல், மீனுக்கு அடியில் கடிதம் வைத்து அனுப்பினோமே, அதை நினைத்தேன்.

முதலில் சுற்றி வளைத்துத்தான் சொன்னேன். "ஏங்க, இஞ்சினுக்கு மேல தொங்குற சாக்கை எடுத்துக் கடல்ல போட்டுருங்க" என்றேன். அவர் குரல் தெளிவாக வந்தது. அது நன்றாகக் காய்ந்துகொண்டிருக்கிறது, நீ வீட்டுக்குப் போ, என்றார். சிரித்த மாதிரிகூட இருந்தது. நான் வேண்டாததற்குப் பயப்படுகிறேன் என்று நினைத்திருப்பார். இன்னொரு தடவை சொன்னேன். கரைக்கு வந்து பேசிக்கலாம் என்றார்.

அதற்கு மேல் எனக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஆத்மநாதன் அண்ணன் கையை நீட்டித் தடுப்பதற்குள் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். "அந்த ட்ரோனைத் தூக்கிக் கடல்ல போடுங்க. அதுல இருக்கிற பேட்டரி தீப்புடிக்குமாம். கீழ டீசல் இருக்கு. ஜெபா எழுதியிருக்கான்."

உன் பேரைச் சொல்லிவிட்டேன் தம்பி. வேண்டுமென்று சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது.

உடனே ஒரு படகிலிருந்து யாரோ இறால் என்ன விலைக்கு எடுக்கிறார்கள் என்று கேட்டார்கள். இன்னொருத்தர் ஐஸ் பத்தவில்லை என்று கத்தினார். ஒருத்தர் மாதா பாட்டைப் பாட ஆரம்பித்துவிட்டார். எல்லாப் படகும் ஒரே நேரத்தில் மைக்கை அமுக்கிக்கொண்டு பேசியது. எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்போல் இருந்தது. ஆத்மநாதன் அண்ணன்தான் சொன்னார். நான் சொன்ன வார்த்தை யார் காதிலும் தங்கிவிடக் கூடாது என்று அதன்மேல் மண்ணை அள்ளிப் போடுகிறார்களாம். கடலில் அப்படி ஒரு பழக்கம் உண்டாம்.

எனக்காகத்தான் செய்தார்கள். ஆனால் அந்த இரைச்சலில் உன் மச்சான் சொன்ன பதில் எனக்குக் கேட்கவில்லை. எறிந்தாரா, எறியவில்லையா, இருக்கிறாரா, எதுவும் தெரியவில்லை. சத்தம் அடங்கிய பிறகு ஆத்மநாதன் அண்ணன் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார். நம் படகிலிருந்து பதில் வரவில்லை. தூரம் போயிருக்கலாம் என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். நீ வருவதாக எழுதியிருந்தாயே. அறந்தாங்கி பஸ் ஒவ்வொன்றாக வந்தது. கடைசி பஸ் வந்து காலியான பிறகு வீட்டுக்கு வந்தேன். விடிகிறவரைக்கும் நான் எப்படி இருந்தேன் என்பதை உனக்கு எழுதமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை படகு வந்தது. அவர் படகின் முன்பக்கம், அணியத்தில் நின்றுகொண்டிருந்தார். வலது கையில் ஈரச் சாக்கைச் சுற்றியிருந்தார். இஞ்சின் ரூமில் ஒரு பலகை கரிந்து கிடக்கிறது. உள்ளங்கைத் தோல் பாதி சாக்கோடு போய்விட்டது. ஆஸ்பத்திரியில் சைலன்சர் பட்டுவிட்டது என்று சொன்னோம். டாக்டரம்மா எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார், எதுவும் கேட்காமல் எழுதிக்கொண்டார். தீப்பிடித்தபோது எறிந்தாரா, எறியப்போனபோது பிடித்ததா என்று கேட்டேன். போய்த் தொலைந்தது விடு என்கிறார். அதற்கு மேல் பேசமாட்டேன் என்கிறார்.

மஃப்டிக்காரர்கள் நேற்றும் வந்தார்கள். வயர்லெஸ்ஸில் பொம்பளை குரல் கேட்டதாமே என்று கேட்டிருக்கிறார்கள். இறால் விலை கேட்டோம், பாட்டுப் பாடினோம் என்று படகுக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் நம்பினார்களா என்று தெரியாது.

எனக்கு உன்மேல் கோபம் இருக்கிறது. எனக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான். ஏன் வரவில்லை?

ஷர்லி

அன்னவாசல்
24-6-2025, செவ்வாய்

அக்கா,

கிளம்பினேன். அறந்தாங்கி வரைக்கும் வந்தேன்.

அறந்தாங்கியில் இறங்கி உங்கள் ஊர் பஸ்ஸுக்கு நின்றேன். பஸ் ஸ்டாண்டு வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள் ஒரு ஆளின் பையைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு என் வயசு இருக்கும். என் பையில் ஒரு சட்டையும் தண்ணீர் பாட்டிலும் மட்டும்தான் இருந்தது. பயப்பட ஒன்றுமே இல்லை. ஆனால் அவர்கள் நிமிர்ந்து என் பக்கம் பார்த்ததும் என் கால் தானாகத் திரும்பிவிட்டது. புதுக்கோட்டை பஸ் ஒன்று கிளம்பிக்கொண்டிருந்தது, அதில் ஏறிவிட்டேன். அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பலாம் என்று நினைத்தேன். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் அப்படியே நினைத்துக்கொண்டு வந்து சேர்ந்தேன். மச்சான் படகு எரிந்துகொண்டிருக்கலாம் என்று தெரிந்தவன் உன்னை விட்டால் நான் ஒருத்தன்தான். தெரிந்தும் திரும்பினேன்.

நீ என் பேரைச் சொன்னதற்கு என்னிடம் வருத்தப்படாதே. நீ சொல்லாமல் இருந்திருந்தால் மச்சான் கேட்டிருக்கமாட்டார்.

நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன், முடிவு என்று சொல்லலாமா தெரியவில்லை. அரிசி டிரம்மிலிருந்து ரிமோட்டை எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன். அதை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய், படகு மந்திரித்த அன்றைக்கு விட்டது நான்தான், படம் எடுக்கத்தான் விட்டேன், வேறு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடலாமா? சொன்னால் உங்கள் வாசலில் யாரும் வந்து நிற்கமாட்டார்கள். சொன்னால் என்னை விடுவார்களா என்பதும் தெரியாது. காலையில் துணிச்சல் வருகிறது, மத்தியானத்துக்குள் போய்விடுகிறது. இங்கே ஸ்டேஷன் வழியாக இரண்டு தடவை நடந்து போனேன். உள்ளே போகவில்லை.

நீ என்ன சொல்கிறாயோ அப்படிச் செய்கிறேன். மச்சானுக்குக் கை எப்படி இருக்கிறது? விரல் மடங்குகிறதா? வலையை இழுக்க முடியுமா? இதைக் கேட்க எனக்குத் தகுதி இல்லை, ஆனால் எழுது.

ஜெபா

ஜெகதாப்பட்டினம்
26-6-2025, வியாழன்

தம்பி ஜெபாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் கிழித்துப் போடலாம் என்றுதான் நினைத்தேன். அறந்தாங்கி வரைக்கும் வந்தவன் திரும்பிப் போனான் என்பதை எந்த அக்காவால் படிக்க முடியும்? நீ சின்ன வயசில் நாய் குரைத்தால் என் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பாய். எனக்கும் நாய் என்றால் பயம்தான். அது உனக்குத் தெரியாது.

கடிதத்தை மடித்து வைத்துவிட்டு இருந்தபோது ஐயனார் அண்ணன் வந்தார். அன்றைக்கு நம் படகுக்குப் பக்கத்தில் வலை இழுத்தது அவர் படகுதான். உன் மச்சானுக்குக் கை சரியில்லை என்று மீன் கொடுத்துவிட்டுப் போக வந்தார். மச்சான் கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். அன்றைக்கு அவர் என்ன பதில் சொன்னார், பக்கத்திலிருந்த உங்களுக்காவது கேட்டதா என்று கேட்டேன். அவருக்கு எல்லாம் கேட்டிருக்கிறது, மீதியை நம் படகு ஆட்கள் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். சொல்லத் தயங்கினார், நான் விடவில்லை.

நான் ட்ரோன் என்று போட்டு உடைத்த பிறகு உன் மச்சான் இஞ்சின் ரூமுக்குப் போய்ச் சாக்கை அவிழ்த்துக் கையில் எடுத்திருக்கிறார். நன்றாகத்தான் இருந்திருக்கிறது. எறிய மனசு வராமல் அதைக் கையில் வைத்துக்கொண்டே மேலே வந்து மைக்கை அமுக்கியிருக்கிறார். "மச்சான் ஆசையா வாங்குனது ஷர்லி. எறிஞ்சுட்டு அவனுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்று கேட்டிருக்கிறார். எனக்குக் கேட்கவில்லை. நான் பதில் சொல்லுவேன் என்று அவர் அதைப் பிடித்தபடியே நின்றிருக்கிறார். அப்போதுதான் கையிலேயே புகைந்து பற்றியிருக்கிறது. கீழே போட்டால் டீசல். ஓரம் வரைக்கும் கையில் ஏந்திக்கொண்டே ஓடி எறிந்திருக்கிறார். நெருப்புப் பொறி ஒன்று தெறித்து இஞ்சின் ரூம் வாயில் விழுந்ததில்தான் அந்தப் பலகை கரிந்தது. ஆட்கள் சாக்கை நனைத்துப் போட்டு அமுக்கியிருக்கிறார்கள். மறுபடி வயர்லெஸ்ஸில் பேசினால் கேட்கக் கூடாதவர்களுக்கும் கேட்டுவிடும் என்றுதான் ஆத்மநாதன் அண்ணன் கூப்பிட்டபோது யாரும் பதில் சொல்லவில்லையாம்.

இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. உனக்குத் தெரியக் கூடாது என்றுதான் சொல்லவில்லை என்று இப்போது புரிகிறது.

விரல் கேட்டாயே. இரண்டு விரல் மடங்கவில்லை. மடங்கும் என்று டாக்டரம்மா சொல்கிறார், எப்போது என்று சொல்லவில்லை. முன்பெல்லாம் கடலில் எதற்கும் அசராத மனுஷன், இப்போது வீட்டில் யார் போனைச் சார்ஜ் போட்டாலும் பிடுங்கி வெளியே கொண்டுபோய் வைக்கிறார். சார்ஜ் ஏறி முடிகிறவரை எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை என்கிறார்.

ஸ்டேஷனுக்குப் போகலாமா என்று என்னைக் கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரியாது. போகச் சொல்லவும் பயமாக இருக்கிறது, வேண்டாம் என்று சொல்லவும் பயமாக இருக்கிறது. அதை நீயும் அவரும் உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள். இதை மட்டும் நான் சொல்கிறேன். இனிமேல் கடிதம் எழுதாதே. அவருக்குப் பதில் சொல்லவேண்டியது நீ. ட்ரோனை எறிந்தது சரிதான் மச்சான் என்று அவர் முகத்தைப் பார்த்து நீ சொல்லவேண்டும். நான் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறார்.

அந்த இரண்டு பேரும் இன்றைக்கும் ஐஸ் கம்பெனி வாசலில் பைக்கோடு நிற்கிறார்கள். உன் பேர் அவர்கள் காதில் விழுந்ததா, விழவில்லையா, தெரியாது. பஸ்ஸை விட்டு இறங்கினால் அவர்களைத் தாண்டித்தான் நம் வீட்டுக்கு வரவேண்டும். வேறு வழி கிடையாது.

நாளைக்கு முதல் பஸ்ஸுக்கே வந்து நிற்பேன். வா.

அக்கா
ஷர்லி